அட்டைக்குள் போன கையெழுத்து

முன்பணம் கட்டிய வாசகர்களுக்கு மட்டும், எண்ணிட்டு, முதல் வெற்றுத் தாளில் ஆசிரியரே கையெழுத்துப் போட்டுத் தந்த நாவல் அது. கையெழுத்துள்ள புத்தகங்களாக நான் சேர்க்கத் தொடங்கியதில் அதுதான் முதல். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றும். மேலட்டை தாங்காதே என்று, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கட்டக் கொடுத்தபோது அதையும் பூந்தமல்லி பைண்டரிடம் கொடுத்துவிட்டேன்.

வாங்கப் போனபோது புத்தகம் கனத்த அட்டையோடு அழகாகத்தான் இருந்தது. பிரித்தால், கையெழுத்துப் பக்கத்தைக் காணோம்!

"முதல் தாள் எங்கேங்க?"

"வெறுந்தாளு தானேம்மா? அட்டையோட ஒட்டிட்டேன். அல்லாருக்கும் அப்டித்தான் ஒட்டிக்கினு கீறேன்."

"எப்ப ஒட்டினீங்க?"

"இப்பத்தான். இன்னும் ஈரம் கீது."

"அப்ப பிரிங்க."

"கிழிஞ்சா என்னிய சொல்லாதம்மா."

"கத்திய இப்படிக் குடுங்க" என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பசை காய்ந்தால் தாள் வராது, அவசரப்பட்டால் கிழியும். மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். ஆவடி பஸ் வந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தாள் முழுசாக வந்தது. மை கசிந்திருந்தாலும் பெயர் தப்பித்தது.

இப்போதெல்லாம் எழுத்தாளர்கள் வெற்றுத் தாளைப் புரட்டினாலே தடுத்துவிடுகிறேன். கதை தொடங்கும் பக்கத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்கிறேன்.

"எழுத்து மேலேயா போடச் சொல்றீங்க?" என்று ஒருவர் தயங்கினார்.

"ஆமா சார். கதையை எந்த பைண்டரும் அட்டையோட ஒட்ட மாட்டார்" என்றேன்.