குசினியைக் கீழே போட்டவன்

கண்டி வாவிக்கு மேலே, மலைச் சரிவில், ஒரு காலத்தில் ஊரே அண்ணாந்து பார்த்த வீடு ஒன்று இருக்கிறது. அதன் பிளானைக் கீறியவன் நான். அது விலைபோகாமல் கிடந்த வருஷங்களில் நான் இருந்த சந்தோஷத்தில் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் டவுனில் பெரிய புடவைக்கடை வைத்திருந்தவர். திறந்த பொருளாதாரம் வந்த புதிது. வெளிநாட்டு டைலும் பச்சை நிறக் குளியல் தொட்டியும் கப்பலில் வந்து இறங்கின. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞன், வயது இருபத்தேழு. சனி ஞாயிறுகளில் வெளியாருக்குப் பிளான் கீறிக் கொடுப்பேன்.

காணி செங்குத்தானது. ரோடு மேலே இருக்க, வீடு அதிலிருந்து தட்டுத் தட்டாகக் கீழே இறங்க வேண்டும். வாவி தெரிகிற மேல் தட்டில் சாப்பாட்டு ஹோல் என்பது அவர் ஆசை. அவருடைய பழைய வீட்டில் நான் அளவுகள் குறித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, குசினியச் சாப்பிடுற எடத்துக்குப் பக்கத்துலயே போடுங்க. ஆக்கிப் போடுறவளுக்கு அது ஒண்ணு போதும்."

"போட்டுர்றேன்மா" என்றேன். அப்படியே போட்டேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் பிளானை மேசையில் விரித்தார். சுற்றிலும் கொந்தராத்துக்காரர், இரண்டு மைத்துனர்கள், கடைக் கணக்கர். அவர் விரல் குசினியில் போய் நின்றது.

"வர்ற விருந்தாளிக்கெல்லாம் கருவாட்டு மணம் காட்டச் சொல்றியா?"

"இல்லைங்க, அம்மாவுக்கு வசதியா..."

"லயத்துல ஒரே அறையில ஆக்கித் தின்னு அங்கயே படுத்து எந்திரிச்சவனுக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்? கீறச் சொன்னதைக் கீறு. குசினி கீழ்த் தட்டுக்குப் போகட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நான் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். அப்பாவும் அம்மாவும் நாலு பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தோம். ஒரு மூலையில் அடுப்பு, குறுக்கே கட்டிய கயிற்றில் துணி. அதில் கேவலம் எதுவும் இருப்பதாக அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்ற வைத்தார். அதற்குத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை.

"சரிங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீடு முடியும்வரை வேறு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கிராதி ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதலெழுத்து இரண்டும் வேண்டும் என்றார். சரிங்க. ஹோல் நடுவே மூன்றடி பள்ளம் பறித்து அதற்குள் சோபா போடவேண்டும் என்றார். சரிங்க. மாடிப்படிக்குக் கீழே மீன் தடாகம், கூரையில் ஓட்டை வைத்து மழை நேராக அதில் விழவேண்டும் என்றார். கண்டி மழையை அறிந்தவன் எவனும் தடுத்திருப்பான். நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன். இந்த வீட்டை இவரைத் தவிர வேறெவரும் வாங்கக்கூடாது, இவரும் ஒருநாள் விற்க முடியாமல் அலையவேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே ஒவ்வொரு கோட்டையும் இழுத்தேன்.

ஒரே ஒரு தடவை நானாக வாய் திறந்தேன். "ஐயா, மணம் கொஞ்சமும் வரக்கூடாதுன்னா குசினிய இன்னொரு தட்டு கீழ போட்டுருவோம்" என்றேன். "இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று தோளில் தட்டினார். பதினாலு படி இருபத்தெட்டு ஆனது. சாப்பாட்டை மேலே ஏற்றக் கப்பியில் ஒரு பெட்டி வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

முப்பது வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்று வீட்டுத் தரகு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரே போன் எடுத்தார். மகள் வெள்ளவத்தையில் லிப்ட் உள்ள பிளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம். இதை விற்றால்தான் அதை வாங்கலாம். "உன்னைத்தான் நம்புறேன். நீ ஒருத்தன்தான் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவன்" என்றார். சரிங்க என்றேன்.

நான் அழைத்துப்போனது வாங்குகிறவர்களை அல்ல, சிரிக்கிறவர்களை. யார் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பொறுக்கினேன். பேராதனையிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து டொக்டர் தம்பதி சோபாப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். "காட்சி வடிவுதான். ஆனா இது வீடோ, ஹோட்டலோ?" என்றார் அந்த அம்மா. டவுன் வியாபாரி ஒருவர் கிராதியைத் தடவிப் பார்த்து, "வாங்குறதா இருந்தா நான் பேரையும் மாத்தணுமே" என்றார். மீன் தடாகம், டெங்கு நுளம்புக்குப் பயந்து சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி வற்றவைக்கப்பட்டு, உள்ளே பிளாஸ்டிக் பூக்களோடு கிடந்தது. வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒவ்வொரு சிரிப்பும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புக்குப் பதில்.

தேநீர் மட்டும் எப்போதும் ஆறிப்போய்த்தான் வரும். வேலைக்கு நின்ற பெண் மூச்சு வாங்கிக்கொண்டு கொண்டுவருவாள். "அம்மா சுகமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "கீழ இருக்கா" என்பார். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

இதற்கிடையே அலவத்துகொடையிலிருந்து, நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் மனிதர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஊட்ட ஒடச்சிட்டுப் புதுசாக் கட்டுவன். எடத்துக்கு மட்டும் வெல சொல்லுங்க" என்றார். கேட்ட விலையைத் தரக்கூடிய மனிதர். அந்த வீட்டுக்கு அதைவிட நல்ல ஆள் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். "பிறகு சொல்றேன் நானா" என்று அனுப்பிவிட்டேன். இன்னும் கொஞ்சப் பேர் சிரிக்க வேண்டியிருந்தது.

விற்கத் தொடங்கி மூன்றாம் வருஷம், குருநாகலிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போன அன்று, வேலைக்காரப் பெண் வரவில்லை. "கீழ போய்த் தேத்தண்ணிக்குச் சொல்லிட்டு வா" என்று வீட்டுக்காரர் அந்த வயதிலும் எனக்கு உத்தரவு போட்டார். அவர்கள் குடிபுகுந்த பின் நான் அந்தப் படிகளில் இறங்கியதே இல்லை. இருபத்தெட்டு. என் முழங்காலே முனகியது.

குசினிக்குள் ஒரு கட்டில் இருந்தது. அதையொட்டி காஸ் அடுப்பு. குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு சேலை. பிஸ்கட் தகரத்தில் மருந்து. அந்த அம்மா கட்டில் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இங்க?"

"முட்டி ரெண்டும் போயிருச்சு தம்பி. ஏறவே கூடாதுன்னுட்டாங்க. மேல போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆஸ்பத்திரிக்குன்னா கதிரையில வச்சு நாலு பேர் தூக்குவாங்க. வெக்கமா இருக்கும்."

பின்பக்கம் வழியில்லை. தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம். அதையும் நான்தான் கீறினேன். வாசல் இருபத்தெட்டுப் படிக்கு மேலே இருந்தது. அடுப்பு, கட்டில், கயிறு. நான் பிறந்த அறைக்குள் திரும்ப வந்து நிற்பதுபோல் நின்றேன்.

"இன்னொரு தட்டு கீழ போட்டது உங்க யோசனையாமே. அவர் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அப்போது படிக்கட்டு வழியாக மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது. அந்த அம்மா தலையை நிமிர்த்திக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"சிரிக்கிறாங்க. புடிச்சிருக்கு போல. வாங்குவாங்களா தம்பி?"

அவர் சுடச்சுடத் தேநீர் ஊற்றித் தந்தார். தட்டை எடுத்துக்கொண்டேன். மேலே ஏறி, வந்தவர்களை அனுப்பிவிட்டு, ரோட்டிலேயே நின்று நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லல்லயே" என்றார் நானா. "பல்லேகலப் பக்கம் ஒரு காணி எடுத்துட்டேன். போன மாசம்தான் உறுதி எழுதின."

"சரிங்க" என்றேன்.