பனிமூட்டத்தில் அணைந்துபோன கார்

சகோதரிகளே, இதை எழுத உட்காரும்போதும் என் வலது கால் தரையை அழுத்தி மிதிக்கிறது. அன்றைக்கு பிரேக்கை மிதித்த கால் அது.

நான் ஏற்காட்டில், ஏரிக்குப் போகிற வழியில் மிளகும் ஏலமும் காப்பித்தூளும் விற்கிற கடைக்காரி. என் கணவர் அன்வருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்கு இறங்கி, டயாலிசிஸ் செய்துகொண்டு, திரும்ப மலையேற வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போனோம். சிகிச்சை முடிந்து துவண்டு வருகிறவருக்கு பஸ்ஸின் குலுக்கலும் டீசல் வாடையும் ஆகவில்லை. வளைவுக்கு வளைவு குமட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் அவருடைய கையைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அதற்காகத்தான் அந்தப் புது மின்சாரக் காரை வாங்கினோம். கொஞ்சம் உயரமான வண்டி, க்ராஸ்ஓவர் என்கிறார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை. ஓட்டுவது நான். அவர் பக்கத்து இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் வீடு வந்து சேர்ந்ததும், "மலை ஏறுனதே தெரியல சல்மா" என்றார். அன்றைக்கு இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதேன்.

சில மாதங்கள் போயிருக்கும். கம்பெனியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. பின்னாலேயே தபாலில் கடிதமும் வந்தது. வண்டியின் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கிற ஒரு பாகத்தில் பழுது இருக்கலாம், ஓடும்போதே வண்டி நின்றுவிடக்கூடும், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. இப்படி விற்ற வண்டியைத் திரும்ப அழைப்பதை ரீகால் என்கிறார்கள். நான் போன் செய்து கேட்டேன்.

"பாகம் அடுத்த வாரந்தானுங்க வரும். வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போகணும். அதுவரைக்கும் ஓட்டாம இருந்தா நல்லதுங்க மேடம்" என்றாள் சர்வீஸ் சென்டரில் போனை எடுத்த பெண்.

என் காதில் அது தெளிவாகவே விழுந்தது. விழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கடிதத்தை மடித்துக் கடையில் ஏலக்காய் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸில் போகலாம் என்பார். ஒரு வாரம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சாவியை எடுக்கும்போதெல்லாம், "யா அல்லாஹ், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று மனதுக்குள் கேட்டேன். எச்சரிக்கையை ஒளித்து வைத்துக்கொண்டு பாதுகாப்பைக் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து நாங்கள் அடிவாரத்தைத் தாண்டும்போது சாயங்காலம் நான்கு மணி இருக்கும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. நர்ஸ் கொஞ்ச நேரம் படுக்கவைத்துத்தான் அனுப்பினார். பாதி மலை ஏறியதும் பனி இறங்கியது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத பனி.

ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிரே வேகம் காட்டுகிற திரை கறுத்தது. வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றது. விளக்குகள் எல்லாம் அணைந்தன. எப்போதும் சத்தமில்லாத வண்டி என்பதால், செத்துப்போனதே எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

பிரேக் கல்லைப்போல் இறுகியிருந்தது. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கைத் தொங்கி இழுத்துப் பாறைப் பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் ஓரத்து மழைநீர் வாய்க்காலில் தொப்பென்று இறங்கியது. இடிபட்டு நின்றோம்.

நின்றதும் அடுத்த பயம் வந்தது. வண்டியின் முன்பக்கம் பாதிச் சாலையை மறித்துக்கொண்டிருந்தது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. வளைவு. பனி. கீழிருந்து எது வந்தாலும் எங்கள் மேல்தான் வந்து மோதும்.

அவருடைய பக்கத்துக் கதவு பாறையில் முட்டியிருந்தது. அவரை என் பக்கமாக இழுத்துப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை. அவருடைய கை சில்லென்று இருந்தது. "என்னமோ பண்ணுது" என்று சொன்னார். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கீழே ஓடிப்போய் வண்டிகளை நிறுத்தலாமென்று இறங்கினேன். பத்தடி போனதும் அவரைத் தனியாக விட மனம் வரவில்லை, திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடி வந்தேன்.

சகோதரிகளே, நான் சத்தமாக துஆ கேட்கிறவள் இல்லை. உதடுகூட அசையாது. அன்றைக்கு நடு ரோட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினேன். "யா அல்லாஹ்! தப்பு பண்ணிட்டேன். தெரிஞ்சே கூட்டிட்டு வந்துட்டேன். அவரை எடுத்துக்காதே. யாரையாவது அனுப்பு, யா ரஹ்மான்!" அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆருங்க அது? ஆரு கத்தறது?"

"இங்க! வளைவுல! வண்டி நிக்குது, வேகமா வராதீங்க!"

"அங்கயே இருங்க, வரோம்!"

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. பிறகு தலையில் துண்டு கட்டிய ஒரு நடுவயதுப் பெண். பின்னால் ஜீப் டிரைவர், இன்னும் நாலைந்து பெண்கள். மலைமேல் மஞ்சக்குட்டை ஊருக்குப் போகிற ஷேர் ஜீப். டிரைவர் வந்த வேகத்தில் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். "ரெண்டு பேரு மேல போங்க, ரெண்டு பேரு கீழ போங்க, செல்லு லைட்ட ஆட்டிக்கிட்டே நில்லுங்க" என்றார். மற்றவர்கள் சேர்ந்து என் கணவரை என் பக்கத்துக் கதவு வழியாகக் குழந்தையைப்போல் தூக்கி, ஜீப்பில் படுக்கவைத்தார்கள். முதலில் குரல் கொடுத்த அந்தப் பெண் அவருடைய கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெயர் வள்ளியம்மா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள்.

போகும்போது டிரைவர் சொன்னார். "இந்தக்கா புண்ணியமுங்க. கீழ் வளைவுல வாந்தி வருதுன்னு வண்டிய நிறுத்தச் சொல்லுச்சு. எஞ்சின ஆப் பண்ணேன். அப்பத்தான் உங்க சத்தம் கேட்டுச்சு. நிறுத்தாம வந்திருந்தா, இந்த மஞ்சுல உங்க வண்டி மேலதான் ஏத்தியிருப்பேன்."

வள்ளியம்மா கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு எப்பவும் மேல வந்தப்புறந்தானுங்க பொரட்டும். இன்னிக்கு என்னமோ கீழயே நொம்ப முடியல."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவி, "நீங்க உங்க சாமியக் கூப்பிட்டீங்க. எங்க காதுல உழுந்துச்சு. அழுவாதீங்க கண்ணு" என்றாள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். யாரும் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் அவருடைய கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, கொஞ்சமாக சலைன் ஏற்றினார்கள். கண் திறந்ததும், "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "உன்னை நம்பித்தானே சல்மா, நான் கண்ணை மூடிக்கிட்டு வர்றேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரமும் பஸ்ஸில் போனோம். அவர் கஷ்டப்பட்டார், நான் கூடவே இருந்து தாங்கிக்கொண்டேன். வண்டியை சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போயிருந்தார்கள்; பாகம் தாமதமாகத்தான் வந்தது, வந்ததும் மாற்றினார்கள். அந்த வளைவு வரும்போது இப்போதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அவருடைய நோயும் அப்படியேதான் இருக்கிறது. எல்லாம் நலமாகிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் நான் மாறியிருக்கிறேன். அதே வண்டி மலையில் வேறு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ஒரு ரைட்டர், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். இருவர் வீட்டுக்கும் போனேன். ரைட்டர் ஏற்கெனவே மாற்றிவிட்டார். டீச்சர் அந்தச் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "விளம்பரம்னு நெனச்சேங்க" என்றார். அவர் கையாலேயே போன் போடவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த ஆபத்து எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அதுவும் ரப்புடைய ரஹ்மத், இறைவன் காட்டிய கருணை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் அதைத் தள்ளிவிட்ட பிறகும் அவன் என்னைத் தள்ளிவிடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

உங்களில் யாராவது ஒரு பயத்தை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறகு கை ஏந்துங்கள். வார்த்தை உடைந்து வந்தாலும் பரவாயில்லை. பாவி என்று தோன்றினாலும் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

நாளைக்குச் செவ்வாய். காலையில் நாங்கள் மறுபடி மலை இறங்குகிறோம். எங்களையும், அந்தப் பாதையில் போகிற எல்லோரையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.