மியூட்டில் பார்த்த மிலோவான்

அந்த யோசனை எனக்கு ரெயினில் வந்தது. அதுவும் சத்தமே போடக்கூடாத பெட்டியில்.

வைலேயிலிருந்து ஓகூஸ் போகிற காலை ரெயின். மடியில் கணினி, அதில் முந்தின நாள் ஆட்டம். டென்மார்க்கின் ஜட்லண்டில் ஒரு கூடைப்பந்து அணிக்கு நான் வீடியோ அனாலிஸ்ட். ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, யார் எங்கே பிந்தினார், எதிரணி எந்தப் பக்கத்தால் உள்ளே வருகிறது என்று பயிற்சியாளருக்குக் காட்டுவது என் வேலை. எப்போதும் மியூட்டில் போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். மேளம், விசில், சப்பாத்து கிறீச்சிடுகிற சத்தம் எல்லாம் பெரிய தலையிடி. சத்தமில்லாவிட்டால் கெதியாக முடியும். எனக்கு எல்லாமே கெதியாக முடியவேண்டும்.

அன்றைக்கு மென்பொருளின் புது வேர்ஷன் இறங்கியிருந்தது. மியூட் தானாகக் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்டி முழுக்க ஒரு ஆம்பிளைக் குரல் வெடித்தது: "லெஃப்ட்! லெஃப்ட்! எமில், லெஃப்ட்!"

முன்னால் இருந்து பின்னிக்கொண்டிருந்த டேனிஷ் மனிசி நிமிர்ந்தா. பின்னல் ஊசியால் ஜன்னலில் ஒட்டியிருந்த அடையாளத்தைக் காட்டினா. மன்னிப்புக் கேட்டுக் கணினியை மூடினேன். ஆனால் மூடுவதற்கு முன் ஒன்றைக் கண்டுவிட்டேன். குரல் கேட்டபோது எங்கள் அணிப் பெடியன் எமிலின் இடப்பக்கத்தில் ஒருவருமே இல்லை. அதற்குப் பிறகுதான் எதிரணிக்காரன் அங்கே வந்து சுவர்போல நின்றான்.

இதைத்தான் ஸ்கிறீன் என்கிறது. ஓடிவருகிற எங்கள் ஆளை மறித்துக்கொண்டு எதிரணிக்காரன் நிற்பான். அந்த இடைவெளிக்குள் அவர்களுடைய ஆள் பந்தோடு தப்பிவிடுவான். எமில் அன்று மோதவில்லை. குரல் வந்ததும் விலகிவிட்டான்.

எழும்பி அடுத்த பெட்டிக்கு ஓடினேன். கதவடியில் நின்றுகொண்டே முழு ஆட்டத்தையும் சத்தத்தோடு பார்த்தேன். இறங்கவேண்டிய இடம் வந்தது தெரியவில்லை.

கத்துகிற மனிசன்

அந்தக் குரல் மிலோவானுடையது. சேர்பியாக்காரர், முப்பத்தாறு வயது. பதினேழு வயதில் அங்கே தொடங்கி ருமேனியா, சைப்பிரஸ், ஐஸ்லாந்து என்று ஆடி எங்களிடம் வந்து சேர்ந்தவர். "எல்லா நாட்டிலையும் எனக்கு ஒரு குளிர்சட்டையும் ஒரு முழங்கால் டொக்டரும் மிச்சம்," என்பார். என்னை 'சினிமா' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில்; இங்கே எங்கட தமிழில் எழுதுகிறேன்.

வசந்த காலத்தில் அடுத்த பருவத்துக்கு யாரை வைத்திருப்பது என்று நிர்வாகக்குழு முடிவெடுக்கும். மிலோவானை விடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒன்று, கால் மெதுவாகிவிட்டது. அதைப் படத்தோடு காட்டியது என்னுடைய அறிக்கைதான். மற்றது, அவர் கத்துகிறார். எங்கள் பெடியள் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே குரல் உயர்த்துவதில்லை. எமில் நேரே பயிற்சியாளர் லார்ஸிடம் போய், "அவர் என்னை நாய் மாதிரி விரட்டுறார்," என்று முறைப்பாடு சொல்லியிருந்தான்.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் மிலோவானுக்கு வதிவிட அனுமதியும் இல்லை. எங்கட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருடைய மகள் ஆனாவுக்கு ஒன்பதாம் வகுப்புத் தொடங்க இருந்தது. வீட்டில் தகப்பன் சேர்பிய மொழியில் கேட்க, அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இக்காஸ்ட் ஊரில் அம்மா இருக்கிற எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

அந்த வார முடிவில் அங்கே போனபோதும் நான் கணினியோடுதான் இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தா.

"பந்தைத் தூக்கிப் போடுறதைப் பாக்கவோ பிள்ளை யூனிவர்சிற்றி போனனீ?"

"பாக்கிறதில்லை அம்மா, கேக்கிறன்," என்றேன், வழக்கம்போல டேனிஷில்.

"அது இன்னும் மோசம்," என்றா.

கதிரை

திங்கட்கிழமை லார்ஸிடம் ஒரு கிளிப்பை முதலில் மியூட்டில் காட்டினேன்.

"என்ன தெரியுது?"

"எமில் ஆட்டத்தை நல்லா வாசிக்கிறான். மிலோவான் நிண்ட இடத்திலையே நிக்கிறார்."

சத்தத்தோடு திரும்பப் போட்டேன். லார்ஸ் கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு, "நிர்வாகக்குழு சத்தத்துக்கு ஒப்பந்தம் போடாது, துஷி," என்றார்.

"அப்ப சத்தத்தை நிப்பாட்டிப் பாப்பம்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் உடனே ஓம் என்றதுதான் ஆச்சரியம்.

அன்று பின்னேரப் பயிற்சியில் லார்ஸ் மிலோவானைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், தான் சொல்லும்வரை ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது என்றார்.

"வாயை மூடிக்கொண்டு பந்து விளையாடுறதோ? அப்ப என்னை எடுத்துப்போட்டு அதிலை ஒரு கதிரையை வையுங்கோ!" என்று மிலோவான் கத்தினார். "பெடியள் அழுகினமெண்டு எனக்குத் தண்டனையோ?"

நான் கமெராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இது பிழைத்தால், கத்தாத மிலோவான்தான் நல்லவர் என்று நானே நிரூபித்ததாகிவிடும்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் சந்தோசமாக ஓடினார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டு மிலோவானுக்குக் கட்டைவிரலைக்கூடக் காட்டினான்.

பிறகு எமில் ஸ்கிறீனில் மோதினான். பரவாயில்லை என்று எழும்பினான். அடுத்த முறையும் மோதினான். மற்றப் பக்கத்தால் பந்து சும்மா உள்ளே போனது. இரண்டு பேர் ஒரே ஆளை மறிக்கப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மிலோவான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். எமில் திரும்ப ஒருமுறை தோளோடு மோதி நிலத்தில் இருந்தான். இருந்தபடியே மிலோவானைப் பார்த்து ஹால் அதிரக் கத்தினான்:

"ஏதாவது சொல்லுமன்!"

மிலோவான் லார்ஸைப் பார்த்தார். லார்ஸ் என்னைப் பார்த்தார். நான் கமெராவைப் பார்த்தேன், பதிவாகிக்கொண்டிருந்தது.

கேக்கோடு கூட்டம்

எங்கள் நிர்வாகக்குழுவில் எல்லாரும் சம்பளமில்லாமல் வேலைசெய்கிறவர்கள். ஒருவர் பல் டொக்டர், ஒருவர் வாத்தியார், தலைவர் கார் விற்கிறவர். கேக் சாப்பிட்டுக்கொண்டு கிளிப்புகளைப் பார்த்தார்கள். எமில் கத்திய இடத்தில் தலைவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "ஒரு வருசம் குடுப்பம். ஆனா அந்த வருசத்துக்குள்ள பெடியளும் அவரைப்போலச் சொல்லப் பழகவேணும்."

நான் துள்ளிக்கொண்டு உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடினேன். மிலோவான் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சந்தோசப்படவில்லை.

"அப்ப என்ர வேலையை நானே இன்னொருத்தனுக்குக் குடுக்கவேணும். அதுக்குத்தான் ஒரு வருசம்."

அதை நான் யோசிக்கவே இல்லை.

"நான் இன்னும் விளையாட்டுக்காரன், சினிமா. எனக்குச் சிலை வைக்கிற வயசில்லை." ஐஸை மற்றப் பக்கம் மாற்றினார். "ஆனாலும் மகள் இங்கை ஒன்பதாம் வகுப்புச் சோதினை எழுதவேணும். பேனையைக் கொண்டுவரச் சொல்லு."

கையெழுத்து வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற எங்கட பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கமெராவில் தெரிவதை எண்ணுவது லேசு. தெரியாததைச் செய்கிற ஆள்தான் முதலில் வெட்டுப்படுவார். ஒருவரைப் பற்றி அறிக்கை எழுதுமுன், அவர் செய்கிறதை நிப்பாட்டி ஒருதரம் ஆட்டத்தை நடத்திப் பாருங்கள். அவருடைய வயதும் சம்பளமும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நாளைக்கு

கோடை விடுமுறை முடிந்து பயிற்சி தொடங்கிவிட்டது. மிலோவான் முழங்காலோடு சண்டை பிடித்தபடி ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் வரப் பார்க்கிறார், வருவதில்லை. நான் எமிலின் சேர்ட்டில் பொருத்த ஒரு சின்ன மைக் வாங்கியிருக்கிறேன். ஸ்கிறீன் வருவதற்குச் சற்று முன்னால் படம் நின்றுவிடுகிற கிளிப்புகளும் வெட்டி அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவேண்டும். வீட்டில் நன்றாகச் சொல்கிறானாம். மைதானத்தில் வாய் திறப்பதில்லை.

நாளைக் காலைப் பயிற்சியில் முதல்முறையாக மிலோவான் மைதானத்துக்கு வெளியே இருப்பார்; உள்ளே எமில்தான் சொல்லவேண்டும். இன்று போகும்போது எமில் பையைத் தோளில் போட்டபடி நின்றான்.

"நான் பிழையாச் சொன்னா?"

"பிழையாச் சொல்லு," என்றார் மிலோவான். "ஆனா முந்திச் சொல்லு. பிந்திச் சொன்ன சரியை வைச்சு ஒருத்தனும் விலகேலாது."

மைக்கைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். எமில் எதைச் சொன்னாலும், இந்த முறை சத்தத்தோடு பதிவாகும்.