சித்தப்பா விழுந்த இடம்

கடலே இல்லாத எங்கள் மாவட்டத்திலிருந்து கப்பல் கட்டப் போன ஒரே ஆள் என் சித்தப்பாதான் என்று நாங்கள் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தோம். பம்பாயில் கப்பல் கட்டும் தளமொன்றில் அவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், மொரப்பூர் ஸ்டேஷனில் அவரை இரண்டு பேர் ரயிலிலிருந்து தூக்கி இறக்கினார்கள். கப்பலின் வயிற்றுக்குள் கட்டியிருந்த சாரத்தில் பலகை நழுவி, பனைமர உயரத்திலிருந்து விழுந்திருந்தார். இடுப்பும் ஒரு காலும் உடைந்து, அங்கே ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு வந்தார்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவர் பிழைத்தது மாதாவின் கிருபை என்றாள் அம்மா. அவர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், அப்பா கோவிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு, கம்பைநல்லூரிலிருந்து ஆடு பிடித்து வந்தார். கடத்தூர் அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கினாள். எனக்குப் புதுப் பாவாடை. சித்தப்பா விழுந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

பூசை நாள் காலையில் சித்தப்பா கட்டிலை விட்டு எழவில்லை. கோவிலில் முதல் மணி அடித்துவிட்டது. அப்பா உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“எல்லாரும் கெளம்பிட்டாங்க. நீ என்னடா படுத்துனு கெடக்கற?”

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் தரையில விழுலீங்கண்ணா. கீழ ஒருத்தரு வெல்டிங் பண்ணிட்டிருந்தாரு. அவரு மேல விழுந்தேன்.”

“அவரு?”

“அங்கியே போயிட்டாருங்க.”

அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வெளியே அத்தை யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “பேரு தெரியுமா?” என்று கேட்டார் அப்பா.

“வெங்கடேசு. ஆந்திராக்காரரு. கொழந்தைங்க இருக்குதுங்க.”

“சரி, எந்திரி. பூசைய அவருக்கு வெச்சுக்கலாம். சாமியாருகிட்ட நான் சொல்றேன்.”

சாமியார் அன்று வெள்ளை அங்கிக்குப் பதில் ஊதா அங்கியில் வந்தார். இறந்தவருக்கான பூசை என்று புரிந்து, சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பீடத்திலிருந்து வெங்கடேசு என்ற பெயர் கேட்டபோது, “நம்ம சனத்துல யாரது?” என்று அத்தை அம்மாவின் காதில் கேட்டாள். மண்டியிட முடியாத சித்தப்பா கடைசி வரிசையில் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் விருந்து நடந்தது. சித்தப்பா இலையிலிருந்த கறியைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன். “அவரு கீழ இல்லாட்டி நீங்க செத்திருப்பீங்களா சித்தப்பா?”

“ஆமா பாப்பா.”

“அப்ப அவரு ரொம்ப நல்லவரு.”

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மாமரத்தில் ஏறியவர் உலுக்கிவிடும் காயைக் கீழே துண்டு விரித்துப் பிடிப்பார்களே, அப்படி அந்த மனிதர் கைகளை விரித்து நின்று சித்தப்பாவைப் பிடித்தார் என்றே நான் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான் சொன்னேன். அவர் முகமூடி போட்டு, குனிந்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், மேலேயிருந்து என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது என்பதும் எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.