மூன்றாவது குழாய்

எங்கள் விடுதியில் ‘சொட்டு’ என்று கூப்பிட்டால், பாரில் பீர் ஊற்றிக் கொடுக்கும் பார்க்காரர் திரும்பிப் பார்ப்பார். பத்தொன்பது வருடம் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஒருநாள் நிறுத்தியவர். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. பெயர் வைத்தது நான்தான். இங்கே நான் சமையல்காரி. வாய் கொஞ்சம் நீளம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

கீழே சாப்பாட்டுக்கூடமும் பாரும் ஒன்றாகவே இருக்கும். ஒரு மேசையில் பீர் நுரைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து மேசையில் ஏதாவது ஒரு குழந்தை உயர நாற்காலியில் உட்கார்ந்து மசித்த உருளைக்கிழங்கைத் தலையில் தேய்த்துக்கொண்டிருக்கும். மேலே தங்குகிறவர்களுக்கு ஆறு அறைகள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறை சொட்டண்ணனுக்கு. குடியை விட்டவர் பாரிலேயே வேலை பார்த்து, அங்கேயே தூங்கி எழவும் செய்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. வந்த புதிதில் கேட்டே விட்டேன்.

“வேற எங்க போனாலும் அது ஒளிஞ்சிருந்து கூப்பிடும், தங்கச்சி. இங்க எல்லாம் கண்ணு முன்னாலயே நிக்குது. பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு” என்றார்.

அவருடைய மகளுக்கு அந்தக் கதையெல்லாம் எடுபடவில்லை. ஒன்பது வருடமாக அப்பாவோடு பேச்சுவார்த்தையே கிடையாது. போன மாதம் திடீரென்று போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதை அவர் என்னிடம் காட்டினார். ‘பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் வரேன். தாத்தா வேணுமாம் அவளுக்கு. வாடை வந்துச்சுன்னா அன்னைக்கே கிளம்பிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது.’

வாடை என்று அவள் சும்மா எழுதவில்லை. அந்தக் காலத்தில் இவர் வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைத் திறக்க மாட்டாளாம். ஆறு வயது மகளைத்தான் வாசலுக்கு அனுப்புவாள். இவர் குனிந்து குழந்தையின் முகத்தில் ஊத வேண்டும். குழந்தை உள்ளே ஓடிப்போய் “இருக்கு” என்றோ “இல்ல” என்றோ சொல்ல வேண்டும். “இல்ல” என்றால் சாப்பாடு. “இருக்கு” என்றால் வாசலிலேயே படுக்கை.

“சில நாள் அது எனக்காகப் பொய் சொல்லும், தங்கச்சி. அப்புறம் அவங்கம்மாகிட்ட அடி வாங்கும்” என்றார். அதைச் சொன்ன அன்று ஒரே கண்ணாடி டம்ளரைக் கால் மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் நிலவறைக்குள் இறங்கி, பீப்பாயிலிருந்து பாருக்கு வரும் நான்கு குழாய்களையும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு நல்ல தண்ணீரை ஓடவிட்டு, கடைசியில் பீரை ஏற்ற வேண்டும். மருந்து மிச்சமிருந்தால் குடிக்கிறவர் வயிறு புண்ணாகிவிடும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் பிடிக்கும் முதல் டம்ளரை ஒருவர் வாயில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். அது பார்க்காரரின் வேலை. சொட்டண்ணனால் முடியாது. “துப்புறதுக்குள்ள நாக்கு முழுங்கிடும்” என்றார். ஏழு வருடமாக அவருக்குப் பதில் நான் வாயில் வைத்துத் துப்புகிறேன். முதலாளியம்மா கேட்டதுமில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: டம்ளர் அவர் மார்புக்கு மேலே ஏறக் கூடாது.

மகளும் பேத்தியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். பேத்திக்கு நான்கு வயது. வந்த அரை மணியில் தாத்தாவின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மகள் மட்டும் கடைசி மேசையில் உட்கார்ந்து, சூப்பை ஆறவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே வரும்போதெல்லாம் அவள் மூக்கு லேசாக விரிந்ததை நான் கவனித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெண் மேல் கோபப்படவும் எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது. முதல் டம்ளரை வாயில் வைத்தேன். தண்ணீரா, பீரா, பாத்திரம் கழுவிய நீரா, எதுவும் தெரியவில்லை.

“எனக்கு நாக்கே செத்துப்போச்சுண்ணே.”

“இப்ப என்ன பண்றது? பன்னெண்டு மணிக்கு முப்பது பேரு வராங்க.”

சும்மா இருந்திருக்கலாம். முதலாளியம்மா வரும்வரை பொறுத்திருக்கலாம். என் அவசரப் புத்தி இருக்கிறதே, அது என்னைச் சும்மா விடாது. “மோந்துதான் பாருங்களேன். மோந்தா ஒண்ணும் ஆயிடாது” என்றேன்.

நான்கு குழாயிலும் பிடித்து வைத்திருந்ததில் அவர் மூன்றாவது டம்ளரை எடுத்து, கண்ணை மூடி, மூக்குக்குக் கீழே வைத்தார். கண்ணைத் திறந்தபோது மீசையில் நுரை ஒட்டியிருந்தது. மாடிப்படியில் மகள் நின்றிருந்தாள், கையில் குழந்தையின் பால் டம்ளரோடு.

“பால் கேக்கலாம்னு வந்தேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவரைப் பார்க்கவில்லை. திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அறைக்குள் அவள் பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வேலை, மருந்து, துப்புவது, என் ஜலதோஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மூக்கடைத்த குரலில் நியாயம் பேசினால் எவள் கேட்பாள்?

“இந்த மாதிரிக் கதை சின்ன வயசுலயே நிறையக் கேட்டிருக்கேன், அத்தை” என்று பெட்டியை மூடினாள்.

அவள் குழந்தையோடும் பெட்டியோடும் இறங்கி வந்தபோது சொட்டண்ணன் படிக்குக் கீழே நின்றிருந்தார். நுரையைக்கூடத் துடைக்கவில்லை. நெட்டையான மனிதர். இடுப்பை வளைத்து, மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“ஊதட்டுமாம்மா?”

முகர்ந்து பார்த்துவிடு தாயே, ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிடு என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வாய மூடுங்கப்பா” என்றாள். “ஆறு வயசுல நீங்களும் அம்மாவும் சேந்து என் தலையில கட்டுன வேலை. இனிமே நான் அதைச் செய்ய மாட்டேன்.”

அவர் நிமிரவே இல்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். “தாத்தா ஏன் குனிஞ்சே நிக்கிறாரு?” என்று குழந்தை கேட்டது.

மகள் என் பக்கம் திரும்பினாள். “துப்பணும்னு சொன்னீங்கல்ல, அத்தை. எங்க துப்பறது?”

பாருக்குப் பின்னால் இருந்த தொட்டியைக் காட்டினேன். பீரைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறவள், முதல் டம்ளரை வாயில் வைத்துத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். மூன்றாவதை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“இதுல சோப்பு மாதிரி ஏதோ இருக்குப்பா.”

சொட்டண்ணன் மெல்ல நிமிர்ந்தார். “நல்லாப் பாத்தியாம்மா?”

“நல்லாத்தான் பாத்தேன். இப்பல்லாம் நான் உங்களுக்காகப் பொய் சொல்றதில்ல.”

அவர் சட்டைக் கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். கீழே வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குழாயைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் குழந்தைக்குப் பால் காய்ச்சப் போனேன்.