ஈஸ்டர் விடியலில் பேர் கூப்பிட்டவர்

பெரிய வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் உத்திரமேரூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். தானியேல் உபதேசியார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். ஒன்பது வருடமாக அவரிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றை அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வண்டி வந்து நின்றதும், எங்கள் சபையில் மணியடிக்கும் ஆரோன் அதிலிருந்து இறங்கினார்.

“உங்களத் தேடிக்கினுதான் சார் வரேன். உபதேசியாரு ஐயா காலைல தவறிட்டாரு.”

வண்டியில் ஏறப் போன காலைக் கீழே வைத்தேன். அவர் மேலே சொன்னார்.

“நாளைக்கி சாயந்தரம் அடக்கம். ஞாயித்துக்கெயம பேரு கூப்புட சார்தான் வரணும்னு ரெண்டு தபா சொன்னாரு. நோட்ட உங்க கைலதான் குடுக்கணுமாம்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். பட்டப்பகல் வெயிலில் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. துக்கம், வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. பாதி வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். எல்லாருமே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் பிழைப்பவர்கள். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து போவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைக்குப் பேர் வைப்பது, செத்தவர்களைப் புதைப்பது எல்லாம் உபதேசியார்தான். வாரநாட்களில் அவரே சபைப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். உதவி ஆசிரியன் நான். பள்ளியில் மொத்தமே நாங்கள் இருவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. சென்னையில் நான்கு மாதம் வேதாகம வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவன். வேதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது, எழுதின காலம் வேறு, நம் காலம் வேறு, உட்பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்திருந்தேன். வந்த முதல் வாரமே, ஆறு நாளில் உலகம் உண்டானது என்றால் அது ஆறு யுகம் என்று அவரிடம் விளக்கினேன். அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“அப்போ ஏழாவது நாளும் யுகம்தானே தம்பி? அந்த யுகம் முழுக்க ஸ்கூலுக்கு லீவு விட்டுடலாமா?”

இப்படித்தான் ஆரம்பித்தது. எட்டு வருடம் நாங்கள் சண்டை போட்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்வரை நடக்கும். எழுதியிருந்தால் எழுதியிருப்பதுதான் என்பார். கோபமே வராது. எனக்குத்தான் வரும்.

அவருடைய நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் கண்ணால் பார்த்தது ஒரு மழைக்காலத்தில். எங்கள் வழக்கப்படி இறந்தவரின் கால் கிழக்கே இருக்கும்படி புதைப்போம். ஆண்டவர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்திருப்பவர் அவரைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும். கொட்டுகிற மழையில் ஒரு பெரியவரை அவசரமாக அடக்கம் செய்தார்கள். உபதேசியார் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். மறுநாள் குடையோடு வந்தவர், தலைமாட்டில் நட்ட சிலுவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார்.

“ஆண்டவர் வர்றப்போ இவரு மட்டும் முதுகு காட்டிக்கினு நிக்கணுமா?” என்றார்.

மீண்டும் தோண்டி, அந்தப் பெட்டியைத் தூக்கி, திருப்பி வைத்தோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். உள்ளே உடல் நகர்ந்து பலகையில் மெதுவாக மோதிய சத்தம் இப்போதும் என் விரல்களில் இருக்கிறது.

ஆனால் அவரை நினைத்தால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஈஸ்டர் விடியல்தான். இருட்டு பிரிவதற்கு முன்பே சபையார் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு ஏரிக்கரைக் கல்லறைக்குப் போய்விடுவோம். அவர் கையில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் இருப்பது பிள்ளைகளின் பேர் இல்லை. வரிசை வரிசையாக அங்கே படுத்திருப்பவர்களின் பேர். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வகுப்பில் கூப்பிடுகிற அதே குரல். கூப்பிட்டுவிட்டு, ஒரு ஆள் எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். பிறகு பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி என்றால் வரவில்லை. அடுத்த பேர்.

கல்லறையில் இருக்கிறவர்கள் ஆண்டவர் சத்தத்தைக் கேட்டு எழுவார்கள் என்று யோவான் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு நாள் எந்த ஈஸ்டராகவும் இருக்கலாம், வந்தவர்களைக் குறித்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பது அவர் நியாயம். முதல் வருடம் சிரித்துவிடுவேனோ என்று பயந்துகொண்டு போனேன். மூன்றாவது பேருக்கே சிரிப்பு போய்விட்டது. பேருக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள அந்த மௌனத்தில், ஏரித் தண்ணீர் கரையை நக்குகிற சத்தம் கேட்கும். நாய்கள்கூடக் குரைக்காது. நாற்பது ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நிற்போம்.

அப்புறம் அந்த ஐப்பசி வெள்ளம். எஸ்தரம்மாவின் ஒரே மகன் மத்தேயு வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தான். எங்களிடம் படித்தவன்தான். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவன், வண்டி ஓடவில்லை என்று திருமுக்கூடலுக்கு எதிரே பாலாற்றில் இறங்கியிருக்கிறான். மூன்று ஆறு சேருகிற இடம். கரையில் அவனுடைய செருப்பும் தூக்குப் பாத்திரமும் இருந்தன. உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த ஈஸ்டருக்கு முந்தின வாரம் எஸ்தரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கதவோரம் நின்றுகொண்டே கேட்டார்.

“ஐயா, எம் புள்ள பேரையும் அந்த நோட்டுல எழுதிக்கோங்க. ஞாயித்துக்கெயம கூப்புடுங்க.”

உபதேசியார் மேஜைமேல் இருந்த வேதாகமத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “கல்லறைல இருக்கிறவங்கன்னுதான் எழுதியிருக்கு எஸ்தரம்மா. அவனுக்குக் கல்லறை இல்லியே” என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “சமுத்திரமும் தன்கிட்ட இருக்கிற மரித்தவங்களை ஒப்படைக்கும்னு வெளிப்படுத்தின விசேஷத்துல இல்லையா ஐயா?” என்று பாய்ந்தேன்.

“சமுத்திரம்னு போட்டிருக்கு தம்பி. ஆறுன்னு போடல.”

கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். எழுதாத ஒன்றை வாக்குக் கொடுத்து அந்தத் தாயை ஏமாற்றிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. எஸ்தரம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஆறு எங்க ஐயா போவுது? நான் அவனத் தேடிக்கினு அஞ்சு நாளு கரையோடவே நடந்தேன். சதுரங்கப்பட்டினத்தாண்ட போயி கடல்லதான் வுழுது. எங் கண்ணால பாத்தேன். அப்போ எம் புள்ள எங்க கீறான்? நீங்களே சொல்லுங்க.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். உபதேசியார் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் பதிவேட்டை எடுத்து, கடைசிப் பேருக்குக் கீழே ‘மத்தேயு’ என்று எழுதினார். “நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன் தம்பி. அந்தம்மா நடந்து படிச்சிருக்காங்க” என்றார். எட்டு வருடத்தில் நான் சாதிக்காததை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் ஒரே கேள்வியில் சாதித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த ஈஸ்டர் விடியலைத்தான் நான் இப்போது சொல்லியாக வேண்டும். பேர்கள் முடிந்துகொண்டே வந்தன. புள்ளி, புள்ளி, புள்ளி. கடைசியாக அவர் தலையை நிமிர்த்தி, கல்லறைகளைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் திரும்பி, “மத்தேயு” என்றார். பேரைக் கேட்டதுமே எஸ்தரம்மா ஓவென்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்களெல்லாம் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகைக்குள் யாருக்கும் வேறு எதுவும் காதில் விழவில்லை. உபதேசியாரும் நானும் பத்தடி முன்னால், தண்ணீர் ஓரம் நின்றிருந்தோம்.

“கீறேன் ஐயா.”

உரக்க இல்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சிலிருந்து வருகிற குரல் போல, சாதாரணமாக. தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. மத்தேயு பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ‘உள்ளேன் ஐயா’ என்று சொன்னதில்லை. ‘கீறேன் ஐயா’ என்றுதான் சொல்வான். அதற்காக உபதேசியார் அவனை ஐந்து வருடமும் பிரம்பால் அடித்திருக்கிறார். எதிரே ஏரியில் ஆளும் இல்லை, ஓடமும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

உபதேசியாரின் பேனா பதிவேட்டுக்கு மேலே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “தம்பி, காலைல ஏதாவது கேட்டுதா உங்களுக்கு?”

“என்ன ஐயா?”

“ஒரு குரல். எனக்கு மட்டும் கேட்டிருந்தா நான் அந்தம்மாகிட்ட சொல்லக் கூடாது. ரெண்டு சாட்சி வேணும்னு மோசேயோட சட்டத்துல இருக்கு. ஒரு வாயால சொல்றது செல்லாது. உங்களுக்கும் கேட்டிருந்தா, ரெண்டு பேருமாப் போயி சொல்லிடலாம்.”

இல்லை என்று சொன்னேன். காற்றாக இருக்கும் என்றேன். உயிர்த்தெழுதல் ஒரு அடையாளம், ஒரு உருவகம் என்று எட்டு வருடம் அவரிடம் வாய் கிழியப் பேசியவன் நான். கேட்டது என்று சொன்னால் அத்தனையையும் திருப்பி விழுங்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், நான் பயந்துபோயிருந்தேன். என்னைப் போலப் பயந்தாங்கொள்ளி ஒருவன் சாட்சியாக வாய்த்தது அந்தத் தாயின் துரதிர்ஷ்டம்.

அவர் தலையை ஆட்டினார். “வயசாவுது. காதுல கோளாறா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்தரம்மாவிடம் சொல்லவே இல்லை. அடுத்த வருடமே நான் வாலாஜாபாத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டேன். ஈஸ்டருக்கு ஊர்ப் பக்கம் போவதை நிறுத்தினேன். உபதேசியார் இப்போது வேறு மாதிரி பிரசங்கம் பண்ணுகிறார் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எழுதியிருப்பது இவ்வளவுதான், அதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பாராம். நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம். முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவரைக் கால் கிழக்கே இருக்கும்படி புதைத்தோம். சிலுவையை நானே மூன்று முறை சரிபார்த்தேன். ஞாயிறு விடியலில் ஆரோன் கொடுத்த பதிவேட்டைத் திறந்தேன். வருடம் வருடமாக மைப் புள்ளிகள். மத்தேயு பேருக்கு நேரே, முதல் வருடத்துக் கட்டத்தில் மட்டும் புள்ளி இல்லை. வந்தவர்களுக்குப் போடுகிற சாய்கோடு ஒன்று இருந்தது, பென்சிலில். ஒரே ஒரு சாட்சி இருந்ததால் அவர் அதை மையில் போடவில்லை. அழிக்கவும் இல்லை. ஒன்பது வருடம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

எல்லாப் பேரையும் கூப்பிட்டேன். கடைசியில் நானே எழுதிச் சேர்த்த உபதேசியார் பேரையும் கூப்பிட்டுவிட்டு, அவர் காத்திருக்கும் நேரம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. புள்ளி வைத்தேன். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு எஸ்தரம்மாவிடம் போனேன். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. பென்சில் கோட்டின் மேல் அவர் விரலைப் பிடித்து வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். உபதேசியார் போட்ட கோடு ஒரு சாட்சி, என் வாய் ஒரு சாட்சி என்றேன். என்னைக் காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

எஸ்தரம்மா ஒன்றுதான் கேட்டார்.

“குரலு எப்டி இருந்துது சார்? குளுருல நடுங்கிக்கினு பேசினாப்பல இருந்துதா?”

“இல்லம்மா. நடுக்கமே இல்ல. வகுப்புல உக்காந்து சொல்ற மாதிரிதான் இருந்துது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அவ்ளோதான் சார் எனக்கு வேணும். தண்ணில கீறானே, குளுருதோன்னுதான் தெனமும் நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவர் எதிரிலேயே உபதேசியாரின் பேனாவைத் திறந்து, அந்தப் பென்சில் கோட்டின் மேல் மையால் எழுதினேன்.

ஐயா, நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன். எனக்கும் கேட்டது. நிம்மதியாகத் தூங்குங்கள். அடுத்த ஈஸ்டருக்கும் நான் வருவேன், பேர் கூப்பிடுவேன். நீங்கள் பதில் சொன்னால், இந்த முறை மறைக்க மாட்டேன்.