அம்மணியைப் பார்க்க வந்தவர்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் நாயைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு தம்பதி வருகிறார்கள் என்று நான் நம்பினேன். சாதாரணமாக நம்பவில்லை... தூக்கம் கெட, காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு நம்பினேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காக: அம்மணி என்பது எங்கள் வீட்டு நாய். பொமரேனியன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருப்பாள். கோயம்புத்தூரில் ஒரு காப்பகத்தின் கேட்டில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிழவி. ஒரு கண்ணில் புரை, காதும் கேட்காது. இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி மலர், "இதைத்தான் எடுக்குறோம்" என்றாள். குட்டி நாயை எல்லாரும் எடுப்பார்களாம். இதை யார் எடுப்பார்கள்?

ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, விமானம், இங்கே சிங்கப்பூரில் வந்து இறங்கியதும் குவாரன்டைன்... என் மச்சான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோதுகூட நான் இவ்வளவு அலைந்ததில்லை. ஒருவழியாக புக்கிட் மேராவில் எங்கள் ஃபிளாட்டுக்குள் அம்மணி நுழைந்தாள். சுற்றிப் பார்த்தாள். ஷூ ரேக்குக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஹோட்டலில் தங்க வந்தவர் ரிசப்ஷனிஸ்ட்டிடம் எப்படி நடந்துகொள்வார்? என்னிடம் அவள் அப்படித்தான் நடந்துகொண்டாள். மரியாதை உண்டு, ஒட்டுதல் கிடையாது. சாப்பாடு வைத்தால் வாலை லேசாக ஆட்டுவாள் - ரசீது கொடுக்கிற மாதிரி. அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மூட்டுவலி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில், மலர் ஃபேஸ்புக்கில் ஏற்றிய படத்துக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள். பெயர் திவ்யா. "ஆன்ட்டி, கிழிஞ்ச காது, மூக்குல பழுப்பு மச்சம்... இது எங்க ஸ்வீட்டி! நானும் ஹஸ்பண்டும் இப்ப சிராங்கூன்லதான் இருக்கோம். வந்து பாக்கலாமா?"

சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது, அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார்களாம். வாட்ச்மேன் கைக்குப் போன நாய் காப்பகத்து கேட்டுக்கு எப்படி வந்தது? அந்த ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஊரைவிட்டு வருகிற யாரும் எதையும் கைவிடுவதில்லை, ஐயா. பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள்.

"கேட்டா கொடுத்துடுவியா?" என்றேன் மலரிடம்.

"பாக்கத்தானே வர்றாங்க லா."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. நாளைக்குக் கேஸு, கோர்ட்டுன்னு வந்தா? வளர்ப்பு அப்பாவை எவன் மதிப்பான்?"

"வளர்ப்பு அப்பாவா? அது உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. சும்மா இருங்க."

அங்கேதான் அடிபட்டது. நாளைக்கு ஒரு பஞ்சாயத்து என்றால் என்ன செய்வார்கள்? நாயை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் கூப்பிடச் சொல்வார்கள். யாரிடம் போகிறதோ அவருக்குச் சொந்தம். சட்டம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பயத்துக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

தேக்கா மார்க்கெட்டுக்கு ஓடினேன். கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கினேன்.

"என்னண்ணே, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். மண்டையில."

ஞாயிற்றுக்கிழமை. ஈரலை வேகவைத்து, துண்டு போட்டு, டிஷ்யூவில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். மலர் மட்டும் என்னவாம்? பெண் பார்க்க வருகிற மாதிரி கேசரி, பஜ்ஜி. அம்மணியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சீவிவிட்டிருந்தாள். பொட்டு ஒன்றுதான் பாக்கி.

மணி அடித்தது. அம்மணிக்குக் கேட்டிருக்காது. ஆனால் கதவைத் திறந்ததும் மூக்கைத் தூக்கினாள்.

அப்புறம் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்... குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஷூ ரேக்கிலிருந்து கிளம்பி ஓடினாள். ஆமாம், ஓடினாள்! டைல்ஸில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். ஈரலைத் தாண்டி. என்னைத் தாண்டி. திவ்யாவின் காலைச் சுற்றி, அவள் கணவர் கார்த்திக்கின் முட்டியில் ஏறி, சந்தோஷத்தில் அங்கேயே ஒன்றுக்கும் போய்விட்டாள்.

"ஐயோ, டிரெஸ்ஸு..." என்றாள் திவ்யா. "கார்த்தி, ஃபோட்டோ எடு, ஃபோட்டோ எடு!"

எடுத்தார்கள். நின்று, உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து.

"இன்னும் உயிரோட இருப்பான்னு நாங்க நெனைக்கவே இல்லீங்க அங்கிள்," என்றார் கார்த்திக்.

கேசரி சாப்பிட்டார்கள். பேசினார்கள். காண்டோ வாடகை, எம்ஆர்டி ரயில் கூட்டம், நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும்... நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எப்போது வரும்? ஈரல் டிஷ்யூவைத் தாண்டிச் சட்டையில் ஊறிக்கொண்டிருந்தது. கடைசியில் என்னால் முடியவில்லை.

"தம்பி... இவளை நீங்க..."

"சேச்சே, என்னங்க அங்கிள்! வெள்ளை சோஃபா வேற வாங்கிட்டோம். ஆஸ்திரேலியாவுக்கு வேற ட்ரை பண்றோம். உங்ககிட்டதான் நல்லா இருக்காளே!"

ஜெயித்துவிட்டேன். கோர்ட் இல்லை, பஞ்சாயத்து இல்லை. எழுந்து ஆடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அம்மணி, திவ்யாவின் பாதத்தின்மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். "கூசுது ஸ்வீட்டி" என்று திவ்யா காலை இழுத்துக்கொண்டாள். அம்மணி நகர்ந்து மறுபடி வைத்தாள்.

"சட்டையில என்ன கறை?" என்றாள் மலர் என்னிடம். நல்லவேளை, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பினார்கள். அம்மணியும் கிளம்பினாள் - வீட்டுக்குப் போகிறோம் என்பது போல, இயல்பாக. லிஃப்ட் திறந்தது. அவர்கள் ஏறினார்கள். அவளும் ஒரு காலை உள்ளே வைத்தாள். கார்த்திக் உள்ளங்கையைக் காட்டி, "ஸ்டே" என்றார்.

காது கேட்காதவள். ஆனால் அந்தக் கையை அவளுக்குத் தெரியும். காலைப் பின்னால் எடுத்தாள். உட்கார்ந்தாள். நல்ல பிள்ளையாக, நிமிர்ந்து.

கொடுக்க மாட்டேன் என்று கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசிப் பழகியவன் நான். அந்த வாயாலேயே கெஞ்சினேன்: "தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க. சும்மா பத்து நிமிஷம் வந்தாப் போதும்."

"கண்டிப்பா வர்றோம் அங்கிள்!"

கதவு மூடியது. அவள் எழுந்திருக்கவில்லை. 'ஸ்டே' என்று சொன்னவர்தானே 'வா' என்றும் சொல்ல வேண்டும்? ஈரலை நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்கள் வரவில்லை.